பேனாப்பிடிக்கு இடமில்லை

மார்ச் 4

மதிப்பிற்குரிய தேசியப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் எண்ணையும் சேர்த்துத்தான். அவன் பேசினால் பின்னால் நின்று நீதான் எடுத்துக் கொடுப்பாய். அதனால் கடிதம். தபால் பிரிக்கும் வேலை பார்ப்பவளுக்கு இதில் ஒரு சுகம் உண்டு. இந்த உறை எந்தப் பையில் ஏறும், எந்த நாள் உன் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு முன்னால். அன்றைக்கு உனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

டேபிள் டென்னிஸ் தேர்வுப் போட்டியில் பன்னிரண்டு பேர் ஆடினோம். முதல் நான்கு பேருக்குத் தேசிய அணியில் இடம் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. பதினொரு ஆட்டத்தில் எட்டு ஜெயித்து நான்காவதாக வந்தேன். நேற்று பட்டியல் வந்தது. நான்காவது இடத்தில் நெட்டையின் பெயர். உன் பயிற்சி மையத்தில் உன் கையால் வளர்ந்த பத்தொன்பது வயதுப் பெண். அவள் ஆறாவதாக வந்தவள். அவளிடம் நான் தோற்றேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் அவளைத் தோற்கடித்த ஐந்து பேரில் மூன்று பேரை நான் அடித்திருக்கிறேன்.

சங்க அலுவலகத்துக்குப் போன் போட்டேன். குமாஸ்தா மென்று விழுங்கினார்.

"மேடம், இது ரகசியக் குறிப்பு. வெளிய சொல்லக் கூடாது."

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கு? எனக்கே ரகசியமா?"

"கீழ உங்க அண்ணி கையெழுத்து இருக்கு மேடம். அதான் யோசிக்கிறேன்."

"யோசிக்காதீங்க. படிங்க."

படித்தார். 'இவர் மட்டையைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து ஆடுபவர். இன்றைய சர்வதேச ஆட்டத்தில் இந்தப் பிடி எடுபடாது. இவரைச் சேர்த்தால் ஓர் இடம் வீணாகும்.' படித்துவிட்டு அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எழுதியவள் கேட்கவில்லை.

ஒன்பது வயதில் ஒரே நாளில், ஒரே மேசையில் இரண்டு பேரும் ஆட ஆரம்பித்தோம். பத்து வருடம் இரட்டையர் ஆட்டத்தில் நீ என் ஜோடி. பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி ஆனாய். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் என்னைப் பற்றி உனக்குக் கிடைத்த வார்த்தை 'வீண்'. அதையும் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

பேனா


மார்ச் 13

பேனா,

இந்தப் பட்டப்பெயரை உனக்கு வைத்தவளே நான்தான். அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். கடிதம் நீ சொன்ன நாளில் வந்தது. சாப்பாடு இறங்கியது.

கையெழுத்து என்னுடையது. வாசகமும் என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. மறுபடி கேட்டாலும் அதையே எழுதுவேன்.

நாம் கற்றுக்கொண்ட காலத்துப் பந்து வேறு. மணிக்கட்டைச் சுழற்றி நீ ஒரு சர்வீஸ் போடுவாய், எதிராளி தூக்கிக் கொடுப்பாள், ஃபோர்ஹேண்டில் ஓர் அறை. மூன்று அடியில் புள்ளி முடிந்தது. இன்றைய பிளாஸ்டிக் பந்தில் அந்தச் சுழல் ஏறுவதில்லை. ஒரு புள்ளிக்கு எட்டு அடி, பத்து அடி போகிறது. அதில் பாதி இடது பக்கம் வரும். கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பவள் இரண்டு பக்கமும் அடிப்பாள். நீ இடது பக்கம் தடுக்கிறாய், தள்ளுகிறாய், அடிப்பதில்லை. அடிக்க வேண்டுமானால் மூலையைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டுக்கு வர வேண்டும். ஓடுகிறாய். முப்பத்தொரு வயதில், ஒரு புள்ளிக்கு இரண்டு தடவை. நெட்டையோடு நீ ஆடியதை வீடியோவில் வைத்து எண்ணினேன். நீ விட்ட ஐம்பத்திரண்டு புள்ளியில் முப்பத்தைந்து இடது மூலையில் போனவை.

வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகும்போது கூடம் முழுக்கச் சுற்றிப் பார்ப்பேன். பேனாப்பிடிக்காரர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சில சமயம் அதுவும் இல்லை. நெட்டை ஆறாவதாகத்தான் வந்தாள். நான்கு வருடம் கழித்து அவள் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியும். நீ எங்கே நிற்பாய் என்று நீயே சொல்.

நேரில் சொல்லாதது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். உன் அண்ணன் ஐந்து நாளாக என்னோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

நான் விட்ட முப்பத்தைந்தை எண்ணத் தெரிந்தவளுக்கு, நான் ஜெயித்த எட்டுப் பேரை எண்ணத் தெரியவில்லை. எட்டுப் பேரும் கைகுலுக்குகிறவர்கள். இரண்டு பக்கமும் அடிக்கத் தெரிந்தவர்கள். என் சர்வீஸைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார்கள். என் மணிக்கட்டு எந்தப் பக்கமும் வளையும். வலைக்குப் பக்கத்தில் குட்டையாக விழும் பந்தை நான் தட்டுவேனா, வெட்டுவேனா என்று கடைசி நொடிவரை எதிராளிக்குத் தெரியாது. உன் பிள்ளைகளுக்கு நேராக வயிற்றைப் பார்த்துப் பந்து போட்டால் முழங்கையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தடுமாறுவார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. குறிப்பில் இதற்கெல்லாம் ஒரு வரி உண்டா?

தோற்பதால் இந்தப் பிடி காணாமல் போகவில்லை. சொல்லித்தர ஆளில்லாமல் தோற்கிறது. ஆளில்லாமல் செய்தது யார்? மையத்தில் சேர வரும் பிள்ளை மட்டையைப் பேனாபோல் பிடித்தால் முதல் நாளே விரலைப் பிரித்து மாற்றிவிடுகிறீர்கள். பிறகு கூடம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஒருவரையும் காணோமே' என்று எழுதுகிறீர்கள். கிணற்றை நீங்களே மூடிவிட்டுத் தண்ணீர் இல்லை என்று அறிக்கை கொடுப்பீர்களாம்.

பதினான்கு வயதுவரை நீயும் பேனாப்பிடிதான். என்னைவிட நன்றாக ஆடினாய். புதுக் கோச் விசில் அடித்து எல்லோரையும் மாற்றச் சொன்னதும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டாய். நான் மாற்றவில்லை. அதுதான் உனக்கு உறுத்துகிறது.

பதில் போடாதே.


ஏப்ரல் 6

பதினெட்டு நாள் போடாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டேனா? அன்றைக்கு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். புதுக் கோச் நம்மை வரிசையில் நிறுத்தினார். "நாளையிலேருந்து எல்லாரும் இப்படித்தான் பிடிக்கணும். முடியாதவங்க வீட்டுக்குப் போலாம்" என்றார். நீ மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாய். எல்லோரும் உன்னை வீராங்கனை என்றார்கள். உன் அப்பா தபால் இலாகாவில் இருந்தார், ஊழியர் மன்றத்து மேசை உனக்குக் கிடைத்தது. என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றினார். அந்த ஊரில் எனக்கு வேறு மேசை கிடையாது.

நான் நின்றேன். பழைய பிடிக்குத் திரும்பிவிடக் கூடாது என்று என் ஆள்காட்டி விரலை மட்டையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார் கோச். மூன்று மாதம். பிறகு இரண்டு வருடம், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடமெல்லாம் தோற்றேன். நீ பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து உச்சுக்கொட்டுவாய். "பாவம்டி, பேசாம பழையபடி ஆடேன்" என்பாய். என்னைத் தோற்கடித்தவர்கள் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. அந்தப் 'பாவம்டி' மறக்கவில்லை.

இரட்டையர் ஆட்டத்தைப் பெருமையாக எழுதியிருந்தாய். ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டிய ஆட்டம் அது. ஃபோர்ஹேண்ட் அடிப்பதற்காக நீ இடது மூலையில் போய்க் குடியேறிவிடுவாய். என் முறை வரும்போது நான் உன்னைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். பத்து வருடம் உன்னைச் சுற்றினேன். கோப்பையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் எனக்கு மட்டும்தான். இருபத்தாறு வயதில் நான் ஆட்டத்தை விட்டேன். நீ இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறாய்.

மட்டையின் பின்பக்கத்திலும் ஒரு ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தால் பேக்ஹேண்ட் அடிக்கலாம். இன்றைக்கு மிச்சமிருக்கும் பேனாப்பிடிக்காரர்கள் பிழைத்ததே அதனால்தான். எட்டு வருடம் உன்னிடம் கெஞ்சினேன். "அது என் ஆட்டம் இல்ல" என்றாய். நான் பிடியையே மாற்ற வேண்டும், நீ ஒரு ரப்பர்கூட ஒட்ட மாட்டாய். இதற்குப் பெயர் பேனாப்பிடி இல்லை. திமிர்.


ஜூன் 2

அண்ணி,

ஏப்ரல் பத்தாம் தேதி உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பதினொன்றாம் தேதி கடைக்குப் போய் ரப்பர் வாங்கினேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுத எனக்கு ஆசைதான்.

மட்டை நாற்பது கிராம் கூடிவிட்டது. முதல் வாரம் தபால் அலமாரியின் மேல் தட்டுக்குக் கை தூக்க முடியவில்லை. மேற்பார்வையாளர் வந்து நின்று, "என்னம்மா, மேல போக வேண்டிய தபாலெல்லாம் இன்னைக்குக் கீழ் தட்டுலயே தங்கிடுச்சு?" என்றார். பின்பக்கம் மடக்கி வைத்துப் பழகிய மூன்று விரலையும் கொஞ்சம் நீட்டி வைக்க வேண்டியிருக்கிறது. நடு விரல் நுனி கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது. தபால் வண்டி ஓட்டுபவர், மன்றத்தில் என்னோடு ஆடுகிறவர், ஒரு வாளி நிறையப் பந்தை வைத்துக்கொண்டு இடது மூலைக்கே போட்டார். முதல் நாள் நூறு பந்தில் பதினொன்று மேசையில் விழுந்தது.

"போதுமாம்மா?"

"போடுங்க."

"விரல்ல ரத்தம் வருது."

"எனக்குத் தெரியும். போடுங்க."

நீ சொன்னதில் பாதி சரி. அதுதான் எரிகிறது. முழுக்கத் தப்பாகச் சொல்லியிருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.

'பாவம்டி' என்று சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். எனக்கு இன்னொரு மேசை இருந்தது, உனக்கு இல்லை என்பது அந்த வயதில் என் மண்டையில் ஏறவே இல்லை. நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டு வெளியே நடந்ததாகவே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஓபன் போட்டி அட்டவணை வந்துவிட்டது. இரண்டு சுற்றுத் தாண்டினால் கால் இறுதியில் எனக்கு எதிரே நெட்டை. அன்றைக்கு நீ கோச் நாற்காலியில் உட்காராதே. என் இடது மூலையை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தவள், எதிராளிக்குப் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வது துரோகம். உதவிக் கோச்சை அனுப்பு.


ஜூன் 8

பேனா,

உட்காருவேன். நெட்டை என் ஆட்டக்காரி. உனக்கு மனசு நோகும் என்பதற்காக அவளை மேசையில் தனியாக விட எனக்கு உரிமை கிடையாது. உன்னைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னமும் சொல்வேன்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று உன் அண்ணன் கேட்கிறார். வாசலில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

ரப்பர் ஒட்டியது சரி. எட்டு வருடம் தாமதம்.


ஜூன் 22

அண்ணி,

எல்லாவற்றையும் நீ பார்த்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

முதல் செட் நாலுக்குப் பதினொன்று. நெட்டை ஒவ்வொரு பந்தையும் இடது மூலையிலேயே வைத்தாள். நான் மட்டையைத் திருப்பி அடித்தது எல்லாம் வலையில் போய் விழுந்தது. ஒரு பந்து உன் நாற்காலிக்குக் கீழே உருண்டது. நீ எடுத்துப் போட்டாய், என்னைப் பார்க்காமல். அந்த ஆத்திரத்தில் இரண்டாவது செட்டை எடுத்தேன். மூன்றாவதும் என்னுடையது. என் சர்வீஸ் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் அவள் பக்கம் போனது. ஆறாவதில் என் தொடை நடுங்கியது, ஆனாலும் விடவில்லை. ஏழாவது செட், ஒன்பதுக்கு ஒன்பது. அப்போது நீ கை தூக்கி டைம் அவுட் கேட்டாய்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உன்னைத்தான் பார்த்தேன். நீ அவளிடம் இடது கையை நீட்டி மூலையைக் காட்டினாய். என் கண்ணில் படும் என்று தெரிந்தே காட்டினாய். சர்வீஸ் அவளுடையது. நீ சொன்னபடியே நீளமாக, வேகமாக, மூலைக்கு. நான் சுற்றி ஓடவில்லை. நின்ற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பினேன். பந்து நேர்கோட்டில் போனது. பத்து. அடுத்ததும் மூலைக்கே. அதில் ஐந்து அடி பின்பக்கத்தாலேயே அடித்தேன். ஆறாவது அடியை அவள் முழங்கைக்குப் போட்டேன். பதினொன்று.

அவள் அழுதாள். நீ அவள் தோளில் துண்டைப் போட்டாய். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு கை தட்டலாமா வேண்டாமா என்று இரண்டு கையையும் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அரையிறுதியில் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றேன். பிடி தோற்கவில்லை, தொடைதான் தோற்றது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்ல முடியாது. அன்றைக்கு எதிரே ஆடியவள் வேகத்துக்கு என் மணிக்கட்டு திரும்புவதற்குள் பந்து போய்விட்டது. பத்து வருடம் முன்னால் கற்றிருந்தால் திரும்பியிருக்குமா, இல்லை இந்தப் பிடிக்கு அவ்வளவுதான் எல்லையா, எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் சொல்லித் தொலைக்காதே.

என் கேள்வி இதுதான். ஒன்பதுக்கு ஒன்பதில், நான் பின்பக்கம் அடிக்கத் தயாராக நிற்கிறேன் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே மூலைக்குப் போடச் சொன்னாயே, எனக்கு விட்டுக் கொடுத்தாயா? ஆமாம் என்றால், குறிப்பு எழுதியதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.


ஜூன் 30

பேனா,

உனக்கு விட்டுக் கொடுக்க எனக்கு என்ன பைத்தியமா?

அதுவரை அந்த ஆட்டத்தில் நீ பின்பக்கத்தால் அடித்த நாற்பத்தொன்றில் இருபத்திமூன்று தவறியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் தவறுகிற அடியை நோக்கித்தான் எந்தக் கோச்சும் பந்தைப் போடச் சொல்வாள். நாளைக்கே அதே நிலை வந்தாலும் அதே மூலையைத்தான் காட்டுவேன். நீ அடித்தாய். அது உன் புள்ளி.

ஆனால் மூலையைக் காட்டும்போது எனக்குள் இருந்தது கணக்கு மட்டும் இல்லை. அந்தப் பந்து வலையில் விழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நெட்டை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அல்ல, நீ தோற்க வேண்டும் என்பதற்காக. நீ ஜெயித்துவிட்டால், பிளாஸ்திரி ஒட்டிய விரலோடு நான் அழுத இரண்டு வருடத்துக்கு என்ன அர்த்தம்? பழைய பிடியிலேயே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். குறிப்பு எழுதும்போது 'வீண்' என்ற வார்த்தை எனக்கு யோசிக்காமலே வந்தது. எங்கிருந்து வந்தது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. அது உன்னைப் பற்றிய வார்த்தை இல்லை. நம்பினால் நம்பு.

தேர்வுக் குழுக் கூட்டத்தில் அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பிடி எடுபடுமா என்பதை அந்தப் பிடிக்காரி ஆடிக் காட்டட்டும், நான் காகிதத்தில் முடிவு செய்தது தப்பு என்றேன். வரியை அடித்தார்கள். பட்டியலைத் தொடவில்லை. தலைவர் சொன்னார்: "சரிம்மா, பிடி பிரச்சினை இல்லைன்னே வச்சுக்குவோம். வயசு?" எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். அதனால் எதுவும் மாறவில்லை.

அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செப்டம்பர் போட்டியில் நம் பிரிவில் வரும் ஓர் அணியில் இரண்டு பேனாப்பிடிக்காரர்கள் இருக்கிறார்களாம். நம் நான்கு பேரில் யாருக்கும் அந்த ஆட்டம் பழக்கமில்லை. ஆறு வாரம் உன்னை மையத்துக்கு வரவழைத்து, அவர்களுக்குப் பயிற்சிக்கு எதிரே நிறுத்தலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அழைப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ போட்டு அனுப்புவார்கள். அதற்கு முன்னால் என் வாயால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். போன தடவை செய்யாதது இது.

வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வா என்று சொல்ல முகமில்லை.


ஜூலை 5

அண்ணி,

அழைப்பு வந்தது. 'தங்கள் தனித்துவமான ஆட்டமுறை அணிக்குப் பெரிதும் பயன்படும்' என்று எழுதியிருக்கிறார்கள். அணிக்குள் வைத்தால் வீண், அணிக்கு எதிரே வைத்தால் பயன். இதை எழுதியவர் கை கூசாமல் எழுதியிருக்கிறார். கூடத்தில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன். தபால் பிரிக்கிறவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வண்டி ஓட்டுநர், "திருப்பி அனுப்பும்மா, முத்திரையை நான் குத்துறேன்" என்றார்.

நான் திருப்பி அனுப்பவில்லை. வருகிறேன்.

இரண்டு விஷயத்தைக் குழுவுக்கு எழுதிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன். ஒன்று, நான் வாளியிலிருந்து பந்து எடுத்துப் போடுகிறவளாக வரவில்லை. ஞாயிறு தவிர தினமும் நான்கு பேரில் ஒருத்தியோடு ஏழு செட் முழு ஆட்டம், நடுவர் வைத்து. ஆறு வாரத்துக்கு முப்பத்தாறு ஆட்டம். ஒவ்வொன்றின் முடிவையும் நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே தலைவருக்கு அனுப்ப வேண்டும். நான் தோற்றதையும் அனுப்பு. பாதிக்கு மேல் தோற்றால் நானே ஒப்புக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன். தோற்காவிட்டால் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவர் வயதைப் பற்றிப் பேசட்டும்.

இரண்டாவது, நான் அங்கே இருக்கும்வரை பேனாபோல் மட்டை பிடித்து வருகிற ஒரு பிள்ளையின் விரலையும் யாரும் தொடக் கூடாது. நீயும்தான்.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீண் இல்லை என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது. பாவம் என்று சொல்லவே மாட்டேன்.

விடுதியில் தங்கிக்கொள்கிறேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன், அண்ணனை அனுப்பிக் கூப்பிடாதே. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ரயில் தாமதமானால் தகவல் சொல்வதற்கு மட்டும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் மேசையில் நிற்பேன். முதலில் நெட்டையை அனுப்பு. இந்தத் தடவை அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

பேனா